முதலில் குளிர்ந்து பிறகு கொதித்த பெட்டி

அத்தியாயம் 6

சதக் தன் வாழ்நாளில் நக்கிப் பார்த்த முதல் கம்ப்யூட்டர் அதுதான்.

நக்கினான் என்றால் கோபித்துக்கொள்வான். விரலால் தொட்டேன், விரலை நாக்கில் வைத்தேன், ரெண்டும் ஒண்ணா என்று இன்றைக்கும் சண்டைக்கு வருவான். ஆனால் ராமேஸ்வரத்தில் குருநாதன் லாட்ஜின் வரவேற்பு மேஜையைச் சுற்றி அன்றைக்கு நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். டிபன் கேரியரைப் படுக்க வைத்த மாதிரி ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. அதன் பக்கவாட்டை ஒருத்தன் விரலால் தேய்த்து, விரலை வாயில் வைத்து, கண்ணை மூடி ருசி பார்க்கிறான். துப்பறிய ஆள் கூப்பிட்டால் பசியோடு ஒருத்தனைக் கூட்டி வந்திருக்கிறார்களே என்று குருநாதன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

அது நடந்தது மத்தியானம். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் நக்கினதற்கு நியாயம் கிடைக்காது.

ராமநாதபுரம் அரண்மனை வாசல் பக்கம், பரோட்டாக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள் நாகலெட்சுமி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு, பொய் எது நெசம் எது என்று குரலை வைத்தே பிரித்துவிடுகிற காது அவளுக்கு வாய்த்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் மெஷின் வந்து ஆட்களை அனுப்பியபோது, அந்தக் காதையே தொழிலாக்கிக்கொண்டாள். உதவியாளன் சதக், கீழக்கரைக்காரன். துபாயில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போய், அரபி முதலாளியிடம் வாயைக் கொடுத்துவிட்டு, விசா முடியும் முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்தவன். அந்த வாயை இங்கேயும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். நாகலெட்சுமி திட்டுவாள், தலையில் தட்டுவாள், ஆனால் அவன் இல்லாமல் ஒரு கேசுக்கும் கிளம்ப மாட்டாள்.

காலையில் போன் வந்தது. பேசியவர் குருநாதன், லாட்ஜ் முதலாளி. அவர் மூச்சு விடாமல் சொன்னதை நாகலெட்சுமி பாம்பன் பாலம் ஏறின பஸ்ஸில் வைத்து சதக்குக்கு நிதானமாகச் சொன்னாள்.

முதுகுளத்தூர்ப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிக் குடும்பம் ஒன்று விடியற்காலையில் லாட்ஜில் வந்து இறங்கியிருக்கிறது. வெள்ளையம்மாள் என்கிற அம்மாள், மகள் பூமயில், மருமகன் மலையாண்டி, மூன்று வயசுப் பேரன். மகளுக்கு வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, ராமநாத சாமிக்கு நேர்ந்துகொண்ட பிறகு பிறந்த பேரன் அவன். பிள்ளை பிறந்தால் என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி உன் உண்டியலில் போடுகிறேன் என்பது வெள்ளையம்மாளின் வேண்டுதல். அதைக் கட்டத்தான் வந்திருக்கிறார்கள்.

கடலில் முழுகும்போது சங்கிலி அலையோடு போய்விடக் கூடாதே என்று, லாட்ஜ் வரவேற்பில் கொடுத்து வைத்தார்கள். எல்லா லாட்ஜிலும் உள்ள வழக்கம்தான். மேஜையில் இருந்த சேதுலட்சுமி என்ற பெண் அதைத் துணியில் முடிந்து, இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். குடும்பம் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் போய், இருபத்திரண்டு கிணற்றுத் தீர்த்தத்தையும் வாளி வாளியாகத் தலையில் வாங்கிக்கொண்டு திரும்பியது. உடை மாற்றிவிட்டுச் சங்கிலியைக் கேட்டால், இழுப்பறையில் முடிச்சு அவிழ்ந்த துணி மட்டும் கிடந்தது.

வெள்ளையம்மாள் ஒரு மூச்சு அழுதுவிட்டு மாடி அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். குருநாதன் சேதுலட்சுமியைப் பிடித்துக்கொண்டார். எங்கேயும் எழுந்து போகவில்லை, வந்தவர்கள் பேரையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன் என்றாள் அவள். ஆனால் அவர் வந்து பார்க்கும்போது கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. செத்த கம்ப்யூட்டரில் என்னத்தை ஏற்றினாய் என்று கேட்டு, கூடம் நிறைய யாத்திரைக்காரர்கள் நிற்க, திருடி என்று சத்தம் போட்டிருக்கிறார். குடும்பம் ஊருக்குத் திரும்பும் சாயங்கால ரயிலுக்குள் சங்கிலி கிடைக்காவிட்டால் அவளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவதாகவும் சொல்லியாயிற்று.

"அந்த ஆளு எதுக்குக்கா நம்மளக் கூப்பிடுறாரு? அவரே கேசை முடிச்சுட்டாரே," என்றான் சதக்.

சங்கிலியை எங்கே வைத்திருக்கிறாள் என்று மட்டும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம். லாட்ஜ் பேர் கெட்டுவிடும் என்று போலீசைக் கடைசி வரைக்கும் தள்ளிப்போடப் பார்க்கிறார். நாகலெட்சுமி கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு இதைச் சொன்னாள். பஸ் பாலத்தைத் தாண்டியது.

சேதுலட்சுமி மேஜைக்குப் பின்னால் ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். உட்காரக் கூடாது என்று உத்தரவு. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், வீட்டில் இன்னும் ரெண்டு தங்கச்சிகள். அழுது முடித்து, இனி அழத் தெம்பில்லாமல் நின்றாள். ஒரே ஒரு தடவை ஸ்டேஷன் படி ஏறிவிட்டால் போதும், அப்புறம் இந்தத் தீவில் ஒரு லாட்ஜிலும், ஒரு சங்குக் கடையிலும்கூட அவளை உள்ளே விட மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

சதக் நேரே கம்ப்யூட்டருக்குப் போனான். அவனுக்கு அது பழைய சிநேகிதம். லாட்ஜுக்கு அதை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். மேஜை சின்னது, அதிலும் பாதியைச் சாமி படங்கள் பிடித்துக்கொண்டன, ஆகவே பெட்டியும் சின்னதாக வேண்டும் என்று குருநாதன் அடம்பிடித்து வாங்கியது. சின்னப் பெட்டிக்குள் ப்ராசசர் சீக்கிரம் சூடேறிவிடும். கடற்கரை ஊர்ப் புழுக்கம் வேறு. அதனால் சதக் அதில் ஒரு புரோகிராம் போட்டு வைத்திருந்தான். ப்ராசசர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று திரையின் மூலையில் ஒரு எண் எப்போதும் ஓடும். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் சூடு ஏறி இறங்கினதைக் கோடாக வரைந்தும் வைக்கும். எண்பத்தைந்தைத் தொட்டால் கருகிப்போகும் முன்னே பெட்டி தானே அணைந்துவிடும்.

பெட்டியை மறுபடி உயிர்ப்பித்து, கோட்டைத் திறந்து பார்த்தவன் விசிலடித்தான். காலையில் ஐம்பதைச் சுற்றி ஏறி இறங்கி ஏறி இறங்கி, ரம்பப் பல் மாதிரி ஓடுகிறது. ஆள் உட்கார்ந்து வேலை பார்த்த அடையாளம். அப்புறம் பல் எல்லாம் போய்க் கோடு மட்டமாகிவிட்டது. யாரும் தட்டவில்லை, பெட்டி சும்மா கிடக்கிறது. அதற்கப்புறம் வந்ததுதான் விசிலுக்குக் காரணம். கோடு திடீரென்று நாற்பதுக்கும் கீழே இறங்கி, கொஞ்சம் அங்கேயே நின்று, பிறகு மெல்ல மெல்ல ஏறி, எண்பத்தைந்தைத் தொட்டு அறுந்துபோயிருந்தது.

நாகலெட்சுமி கோட்டைப் பார்க்கவில்லை, சேதுலட்சுமியைப் பார்த்தாள்.

"நீ சொன்னதுல பாதி நெசம், பாதி பொய். எந்தப் பாதின்னு நீயே சொல்லிரு தாயி."

அந்தப் பெண் உடைந்துவிட்டாள். ரூம் பையன் லீவு. ரெண்டாம் மாடியில் காசியிலிருந்து வந்த ஒரு கிழவர், வெந்நீர் வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். மனுஷர் இன்னொரு வாளி கேட்டார், அதையும் கொண்டு கொடுத்தாள். மேஜையை விட்டு எழுந்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்ததால், போகவே இல்லை என்று சொல்லிவிட்டாள். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் இருண்டு கிடந்தது. நாற்காலி ஈரமாக இருந்தது. ஏதோ பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது என்று துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பார்த்தீர்களா, பொய்யை ஒத்துக்கொண்டாள் என்று குருநாதன் துள்ளினார். ஒரு பொய்க்கு ஒரு சங்கிலி என்று கணக்குப் போட்டால் உங்கள் லாட்ஜில் இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர் என்று வாசலில் போர்டு போட்டிருக்கிறீர்களே, அதற்கு எத்தனை சங்கிலி என்று சதக் கேட்டான். யாத்திரைக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். குருநாதன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அக்கா, இந்தப் பெட்டிய யாரும் நிறுத்தல, தானா அணைஞ்சிருக்கு," என்றான் சதக். "ஆனா அதுக்கு முன்னாடி குளிர்ந்திருக்கு பாருங்க. இங்கன ஏசியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சும்மா கிடந்தாலும் நாப்பதுக்குக் கீழ போகாது. முதல்ல குளுகுளுன்னு இருந்து அப்புறம் மூச்சு முட்டிச் செத்திருக்கு."

அப்போதுதான் அவன் பெட்டியின் பக்கவாட்டைக் கவனித்தான். மேலே காற்று இழுக்கும் சல்லடைத் துவாரத்திலிருந்து கீழே வரைக்கும், வெள்ளை வெள்ளையாகத் தாரை காய்ந்து கிடந்தது. தொட்டான், ருசி பார்த்தான். பிறகுதான் நீங்கள் முதலில் கேட்ட கதை.

"உப்பு," என்றான்.

கடல்காற்று அடிக்கிற ஊரில் உப்பு இல்லாமல் சர்க்கரையா இருக்கும் என்று குருநாதன் இளக்காரமாகக் கேட்டார். காற்று கொண்டுவரும் உப்பு நைசாகப் படியும், எல்லா இடத்திலும் படியும், இப்படித் தாரை தாரையாக ஒழுகாது என்றான் சதக். அதோடு பெட்டியைத் தினமும் காலையில் ஈரத்துணி போட்டுத் துடைக்கிறாள் இந்தப் பெண். துடைக்கவில்லை என்றால் திட்டுகிற ஆளே குருநாதன்தான்.

நாகலெட்சுமி அவருடைய தோளைப் பார்த்தாள். கஞ்சி போட்டுத் தேய்த்த, சரிகைக் கரைத் துண்டு ஒன்று அதில் மடிப்பாகக் கிடந்தது. கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டு, அவர் பதில் சொல்வதற்குள் உருவி, வாசலில் கால் கழுவ வைத்திருந்த வாளியில் முக்கிப் பிழிந்து, பெட்டியின் தலையில் போட்டாள். ஐயோ சரிகை என்று குருநாதன் அலறினார். மற்ற எல்லாரும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி திரை மூலையைப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு, நாற்பத்தெட்டு, முப்பத்தெட்டு என்று எண் இறங்கியது. கொஞ்சம் நின்றது. துண்டின் குளிர்ச்சி போய், துவாரம் அடைபட்டு, காற்று கிடைக்காமல் மெல்ல ஏற ஆரம்பித்தது. குருநாதன் மனசை ஆற்றிக்கொள்ள வரவழைத்த காபியை ஆற அமரக் குடித்து முடித்த பிறகுதான் எண்பதைத் தொட்டது. சதக் துண்டை எடுத்துவிட்டான். காலைக் கோட்டின் வாலும் இப்போது வரைந்த கோட்டின் வாலும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

ஆக, சேதுலட்சுமி வெந்நீர் வாளியோடு மாடியில் இருந்தபோது, நனைந்து வந்த ஒருவர் தன் ஈரத்துணியைப் பெட்டி மேல் போட்டுவிட்டு, ஈரச் சேலையோடோ வேட்டியோடோ அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"பிடிச்சிரலாம்க்கா, ரொம்பச் சுலபம்," என்றான் சதக். "ராமேஸ்வரத்துல காலையில நனைஞ்ச ஆள் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சாப் போதும். ஊரை வரிசையா நிக்கச் சொல்லவா?"

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. நனைந்தவர்கள் ரெண்டு வகை என்றாள். அக்னி தீர்த்தம் என்பது கடல். அதில் முழுகிவிட்டுத்தான் கோயில் கிணறுகளுக்குப் போவார்கள். கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். இருபத்திரண்டு கிணற்று வாளியைத் தலையில் வாங்கினவர் துணியில் உப்பு மிஞ்சாது, பெட்டியில் வெள்ளைத் தாரையும் விழாது. இங்கே வந்த ஆள் கடலோடு நிறுத்திக்கொண்டு, கிணற்றுப் பக்கமே போகாமல் நேரே லாட்ஜுக்கு வந்திருக்கிறார். சாவி பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருப்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கொடுத்து வைக்கும்போது பக்கத்தில் நின்றவர்கள் மூன்றே பேர். மூன்று பேருமே இருபத்திரண்டும் ஆடிவிட்டோம் என்கிறார்கள்.

சதக்குக்கு உடனே ஆள் அகப்பட்டுவிட்டான். மருமகன் மலையாண்டி. சாமிக்கு எதற்கு நகை, பேரன் பேரில் போட்டு வைக்கலாமே என்று பஸ்ஸில் வாய்விட்டுச் சொல்லி, மாமியார் சாமிகுத்தம் சாமிகுத்தம் என்று ஊர் வந்து சேரும் வரைக்கும் அவனை வறுத்தெடுத்ததைப் பூமயிலே சொன்னாள். கிணற்றுக் கூட்டத்தில் யார் யாரோடு இருந்தீர்கள் என்று கேட்டால், பையன் தண்ணீரைக் கண்டு போட்ட கூச்சலில் எங்களுக்கு எங்களையே தெரியவில்லை, முன்னே பின்னே ஆகிவிட்டது என்று மலையாண்டி திருதிருவென்று விழித்தான். அந்த முழியே போதும் என்றான் சதக்.

"முழிய வச்சு ஆளைப் பிடிக்கிறதா இருந்தா உன்னைத்தான் முதல்ல பிடிக்கணும். மொட்டை மாடிக்கு வா," என்றாள் நாகலெட்சுமி.

தீர்த்தமாடின துணியை யாரும் மறுபடி அலச மாட்டார்கள். புண்ணியத்தைக் குழாயடியில் விட்ட மாதிரி ஆகிவிடும். பிழிந்து அப்படியே கொடியில் போடுவார்கள். அதனால் அந்தத் துணி கடைசியாகப் பார்த்த தண்ணீர் எதுவோ, அது காய்ந்த பிறகும் அதில் இருக்கும். நாகலெட்சுமி சொல்லிக்கொண்டே படியேற, பின்னால் வந்த சதக் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அடுத்து எதை நக்கச் சொல்வாளோ.

நக்க வேண்டிய அவசியம் வரவில்லை. மலையாண்டியின் வேட்டி கொடியில் பஞ்சு மாதிரி காற்றில் ஆடியது. பூமயில் சேலையும் அப்படியே. பக்கத்தில் ஒரு சுங்குடிச் சேலையும் ஓர் ஈரிழைத் துண்டும். அவை ரெண்டும் ஆடவில்லை. அப்பளம் மாதிரி விறைத்து, ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு பூத்துக் கிடந்தன. சதக் துண்டை மடக்கிப் பார்த்தான், மொறமொறவென்றது.

"இது அந்த அம்மாவோட துணியாச்சேக்கா," என்றான். அவன் வாயிலிருந்து அதற்குமேல் வேடிக்கை எதுவும் வரவில்லை. "சங்கிலி அவுகளதுதான?"

கீழே துண்டு போட்டுப் பார்த்தபோதே தனக்குப் பாதி தெரிந்துவிட்டது என்றாள் நாகலெட்சுமி. எடுக்க வந்த திருடன் எடுத்துக்கொண்டு ஓடுவான். ஒரு காபி ஆறும் நேரம் திருடின இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார மாட்டான். இது எடுக்க மனசில்லாமல், வைக்கவும் மனசில்லாமல் உட்கார்ந்திருந்த ஆள்.

ரயிலுக்கு மூட்டை கட்ட, கொடித்துணி எடுக்க வெள்ளையம்மாளே படியேறி வந்தாள். விறைத்த சேலையில் நாகலெட்சுமி கை இருப்பதைப் பார்த்தாள். அவ்வளவுதான், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். சங்கிலி அவள் வீட்டுக்காரர் போட்டது. அவர் போன பிறகு அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். பிள்ளை வேண்டும் என்ற அவசரத்தில் சாமியிடம் சொல்லிவிட்டாள். சாமி கொடுத்துவிட்டது. இப்போது இல்லை என்று சொல்ல முடியுமா. கடலில் முழுகி எழுந்தபோது கழுத்து வெறுமையாக இருந்தது, அந்த வெறுமை தாங்கவில்லை. கூட்டத்தில் பின்தங்கி, வழியில் இருந்த லாட்ஜுக்குள் நுழைந்தாள். மேஜையில் ஆள் இல்லை.

"திருடு போயிருச்சுன்னா சாமி என்னைக் கோவிக்காதுல்ல தாயி? நானா குடுக்க மாட்டேன்னேன்?" என்றாள். "எடுத்து வச்சுக்கிட்டு அந்தச் சேர்லயே உக்காந்து அழுதேன். திருப்பி வச்சிரலாமான்னு பாத்தேன். வைக்க முடியல."

அப்புறம் கோயில் வாசலில் போய் நின்று, வெளியே வந்த மகளோடும் மருமகனோடும் கலந்துகொண்டாள். சங்கிலி இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வருகிற வழியெல்லாம் அந்த மனுஷனை வைதுவிட்டு, எந்த முகத்தோடு அவன் முன்னால் நிற்பது.

சதக்குக்குப் பாவமாகப் போய்விட்டது. சங்கிலியைக் கொடுங்கள், கம்ப்யூட்டருக்குப் பின்னால் விழுந்து கிடந்தது என்று நானே எடுத்துக் காட்டிவிடுகிறேன், விஷயம் முடிந்தது என்றான். வெள்ளையம்மாள் முகம் மலர்ந்தது. நாகலெட்சுமி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் கீழே நிற்கிற பெண்ணை என்ன சொல்வார்கள் என்று மட்டும் சொன்னாள். மாட்டிக்கொண்டதும் பின்னால் போட்டுவிட்டாள் என்பார்கள்.

எந்தப் பெண் என்று கேட்டாள் வெள்ளையம்மாள். காலையில் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்து படுத்தவளுக்கு, கீழே நடந்தது எதுவுமே தெரியாது. நாகலெட்சுமி சொன்னாள். மேஜையில் இருந்தவள்தான். திருடி என்று கூடத்தில் வைத்துக் கத்தினார்கள். காலையிலிருந்து நிற்க வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஸ்டேஷன்.

வெள்ளையம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து, யாருக்கும் காத்திராமல் படியிறங்கினாள்.

கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். மூட்டையோடு மருமகன், பேரனோடு மகள், ஈரத்துண்டோடு குருநாதன், ஓரத்தில் சேதுலட்சுமி. வெள்ளையம்மாள் நடுவில் வந்து நின்று சுருக்குப்பையை அவிழ்த்தாள். சங்கிலியைத் தூக்கிப் பிடித்தாள். நான்தான் எடுத்தேன் என்றாள். ஏன் எடுத்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், ஆனால் முழுசும் சொன்னாள்.

நான் சொன்னபோது மட்டும் சாமிகுத்தமா அத்தை என்று கேட்கப் போன மலையாண்டி, அவள் தன்னைப் பார்க்காமலே நிற்பதைக் கண்டு, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

குருநாதன்தான் முந்திக்கொண்டார். எல்லாரும் கேட்டீர்களா, என் லாட்ஜில் திருட்டே நடக்கவில்லை, உங்கள் பொருளை நீங்களே எடுத்தால் திருட்டு ஆகுமா என்று சிரித்தார். நல்லவேளை, எந்த நஷ்டமும் இல்லை என்றார்.

வெள்ளையம்மாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் என் சங்கிலியத்தான்யா எடுத்தேன். நீ இந்தப் பிள்ளை பேரையில்ல எடுத்துட்ட. அதைத் திருப்பிக் குடு. காலையில எவ்வளவு சத்தமாச் சொன்னியோ, அவ்வளவு சத்தமாச் சொல்லு."

குருநாதன் சுற்றிப் பார்த்தார். யாரும் வேறு பக்கம் திரும்பவில்லை. சேதுலட்சுமி திருடவில்லை, நான் சொன்னது தப்பு என்று முணுமுணுத்தார். கேட்கவில்லை என்றான் சதக். மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். சேதுலட்சுமி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெள்ளையம்மாள் மேஜைக்கு வந்தாள். அந்தப் பெண்ணின் வலது கையைப் பிடித்து விரித்து, சங்கிலியை உள்ளங்கையில் சுருட்டி வைத்து, விரல்களை மூடினாள்.

"எந்திரி ஆத்தா. கோயில் வரைக்கும் நீ கொண்டு வா. என் கையில இருந்தா உண்டியல் வரைக்கும் போய்ச் சேராது, என்னைய எனக்குத் தெரியும். நீயே போட்டுரு."

சேதுலட்சுமி முதலாளியைப் பார்த்தாள். மேஜையை விட்டு எழுந்திருக்கலாமா என்று பழக்கத்தில் பார்த்துவிட்டாள். போ என்று அவர் தலையை ஆட்டினார். சதக் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, அதுவரைக்கும் பெட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், ஈரத்துணியோடு எவரும் கிட்டே வரக் கூடாது என்றான்.

காலையில் அவளைத் திருடி என்று கத்தியதைக் கேட்ட அதே கூட்டம் விலகி வழிவிட்டது. கிழவி அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தாள். மகளும் மருமகனும் பேரனும் பின்னால் போனார்கள். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் எங்கே என்று கேட்டதற்கெல்லாம் சேதுலட்சுமி கோயிலுக்கு என்று பதில் சொன்னாள், ஆனால் உண்டியல் முன்னால் போய் நிற்கும் வரைக்கும் அந்த வலது கையை அவள் திறக்கவே இல்லை.